வாழைக்காய் வறுவல் மேல் போட்ட பழி

அன்று வறுவல் கடையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். கடைக்கார பாய். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் அண்ணன். பக்கத்து வெல்ல மண்டிக்காரர். என் அப்பா. என் அம்மா. நைனார்பாளையத்திலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது அப்பாவுடைய அக்கா. சாக்கின் மேல் சுருண்டு கிடந்த என் தம்பி. அவன் தலைமாட்டில் நான். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தை நான் சேர்க்கவில்லை. அந்தக் கூட்டம்தான் பின்னால் ஊர் முழுக்க ஆளுக்கொரு விதமாகக் கதை சொன்னது. உள்ளே நடந்தது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் இன்றைக்குத் தம்பியும் நானும்தான் மிச்சம். பாயும் சட்டிக்கார அண்ணனும் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும்.

நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைப் போட்ட வருஷங்களை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோதுமையைப் பற்றி ஒரு விஷயம் நம் யாருக்குமே தெரியாமல் போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறுக்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது சர்க்கரை வியாதியைவிட மோசம்.

போன மாதம் தம்பி ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். பளபளவென்ற பை. உள்ளே முக்கால்வாசி காற்று, கால்வாசி வாழைக்காய் வறுவல். பச்சை வட்டம் போட்டு, அதற்குள் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கிற ஒரு பசை. சில பேர் குடலுக்கு அது ஆகாது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதையே டாக்டரிடம் மூன்று தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பசை இதில் இல்லையாம். அதற்காகவே விலை இரண்டு மடங்காம்.

“யக்கா, பாத்தியா, வறுவலுக்கு சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டாங்க” என்று தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழைக்காயில் என்றைக்கய்யா கோதுமை இருந்தது? வாழைக்காய், எண்ணெய், உப்பு, கொஞ்சம் மஞ்சள். இதை அன்றைக்கு ஒருத்தர் கடைத்தெருவில் நின்று தொண்டை வற்றக் கத்தினாரே, அவருக்கு யார் கொடுத்தார்கள் சர்ட்டிபிகேட்டு?

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைத் தடவித் தடவிப் படித்தேன். அதே எண்ணெயில் வேறு எதைப் பொரித்தார்கள் என்று எங்கேயும் போடவில்லை. எனக்கு அந்தப் பயம். தம்பி பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தான்.

*

பாய் கடை கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில், வெல்ல மண்டிக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவில் இருந்தது. காய் வெள்ளிமலைப் பக்கமிருந்து லாரியில் வரும். மொந்தன் காய். தார் தாராக இறக்கி, சுவரோரம் சாய்த்துவைத்திருப்பார்கள். அம்மாவுக்கு அங்கே காய் உரிக்கிற வேலை. சின்னக் கத்தியால் காயின் முதுகில் ஒரு கீறல், பக்கவாட்டில் ஒரு நெம்பல், தோல் கழன்று விழும். உரித்த காயை மஞ்சள் தண்ணீர் வாளியில் போடுவாள். அங்கிருந்து சட்டிக்கார அண்ணன் எடுத்து, சட்டிக்கு மேலேயே சீவுகட்டையைப் பிடித்து, எண்ணெயில் நேராகவே சீவுவார். வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விசிறி மாதிரி விரிந்து விழும். பாதி வெந்ததும் ஒரு கை உப்புத் தண்ணீரைத் தெளிப்பார். அப்போது எழும் சத்தத்துக்கு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். கடலை எண்ணெய் வாசனையும் காய் வாசனையும் மண்டி வெல்ல வாசனையும் சேர்ந்த அந்த மணம் எனக்கு இப்போதும் மூக்கில் வருகிறது. எங்கேயும் வாங்கக் கிடைக்கவில்லை.

வாழைக்கறை போகவே போகாது. அம்மாவின் விரல்கள் வருஷம் முழுக்கக் கறுப்பு. அவளிடம் இருந்த இரண்டு புடவைகளிலும் முன்பக்கம் முழுக்கப் பழுப்புத் திட்டு.

பாய்க்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு சட்டிக்கு ஒரு சரக்கு. ஒரு தடவை யாரோ கல்யாணக்காரர்கள் வந்து, “சாயங்காலம் சும்மாதானே இருக்குது சட்டி, நூறு சமோசா போட்டுக் குடுங்க பாய்” என்று கேட்டார்கள்.

“சமோசாவா? இந்தச் சட்டியிலயா?” என்றார் பாய். “நாளைக்கு வறுவல் துன்றவன் இன்னா பாய் மசாலா நாறுதுன்னு மூஞ்சில துப்புவான். வேற சட்டி பாருங்கய்யா.”

ருசிக்காகத்தான் அவர் அப்படி வைத்திருந்தார். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டால், கள்ளக்குறிச்சி முழுக்க என் தம்பி வயிற்றுக்கு ஒத்துக்கொண்ட ஒரே தின்பண்டம் அந்தச் சட்டியில்தான் வெந்தது. அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

*

தம்பிக்கு அப்போது நாலு முடிந்து ஐந்து நடந்தது. அதுவரை நன்றாகத்தான் இருந்தான். கம்பங்கூழ், சோளச் சோறு, கிடைத்தால் நெல்லுச் சோறு, எது கொடுத்தாலும் வழித்துத் தின்பான். மழை இல்லாமல் போய், அப்பாவுக்குக் கூலி வேலை கம்மியாகி, ரேஷன் கோதுமையே கதி என்று ஆன வருஷம்தான் ஆரம்பித்தது. காலையில் கோதுமைக் கஞ்சி. மத்தியானம் எங்கள் பள்ளிக்கூடத்தில் போடும் கோதுமை உப்புமாவில் பாதியை நான் அலுமினியத் தட்டில் மூடி அவனுக்கு எடுத்துவருவேன். ராத்திரி மறுபடி கோதுமையை இடித்துக் களி. எங்கள் தெருவே அதைத்தான் தின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தானே யாருக்கும் சந்தேகம் வரவில்லை!

அவனுக்கு வயிறு போக ஆரம்பித்தது. நிற்கும், மறுபடி போகும். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் வந்தது. முகம் வெளுத்துவிட்டது. வாயெல்லாம் புண். எதற்கெடுத்தாலும் அழுகை. நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனால் வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் வயிற்றைத் தட்டிப் பார்ப்பார்கள். பூச்சி என்பார்கள், கண்ணு பட்டது என்பார்கள்.

நோய் என்று படுத்தால் நம் ஊரில் என்ன வழக்கம்? சொல்லுங்கள். சோற்றை நிறுத்திவிட்டு டீக்கடையில் பன் வாங்கிவந்து பாலில் தோய்த்துக் கொடுப்போம். பார்க்க வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டு வரமாட்டார்கள். ஒருத்தர் பன், ஒருத்தர் பொறை, ஒருத்தர் வர்க்கி. வசதியுள்ளவர்கள் என்றால் மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டி. எல்லாமே கோதுமை, மைதா. உடம்பு எவ்வளவு மோசமாகிறதோ அவ்வளவு பேர் பார்க்க வருவார்கள். எவ்வளவு பேர் வருகிறார்களோ அவ்வளவு பன் சேரும். எங்கள் வீட்டில் உறியில் ரொட்டி தொங்கியது அந்தப் பருவத்தில்தான். அதற்கு முன்னால் நாங்கள் ரொட்டியை டீக்கடைக் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி.

தம்பி பன்னைத் துப்புவான். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுவான். “புள்ளைக்கு வாயி செத்துப் போச்சி” என்று சொல்லி, மூக்கைப் பிடித்து ஊட்டச் சொல்வார்கள். ஆனால் அம்மாவோடு கடைக்குப் போனால் மட்டும் அவன் வேறு பிள்ளை. சட்டியிலிருந்து அரித்தெடுத்ததில் உடைந்த வறுவலும் தூளும் ஒரு மூங்கில் தட்டில் தனியாகக் கிடக்கும். அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். மூடியில் ரோஜாப்பூ போட்ட பழைய பவுடர் டப்பா ஒன்று அவனிடம் இருந்தது. அதில் தூளை நிரப்பி, மூடி, குலுக்கிச் சத்தம் கேட்பான். பாய் பார்த்துக்கொண்டே இருப்பார்.

“டேய், முதலாளி நானா நீயா?”

“நானு.”

“அப்ப எனக்கு சம்பளம் குடு.”

தம்பி டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுப்பான். பாய் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, “கம்மிடா, ஜாஸ்தி குடு” என்பார். அன்றைக்கெல்லாம் அவனுக்கு வயிறு போகாது. அம்மா ஒருத்திதான் அதைக் கவனித்தாள். என்னிடம் மெதுவாகச் சொல்லவும் சொன்னாள். “இங்க வந்தா புள்ள கொஞ்சம் தேவலாமா இருக்கறான் இல்ல?”

*

கம்பவுண்டரிடம் காட்டினார்கள். ஊசி போட்டுவிட்டு, “இன்னாத்த துன்றான்?” என்று கேட்டார். கஞ்சி, பன்னு, வறுவல் என்று அம்மா சொன்னாள்.

“வறுவலா? வயித்தால போற புள்ளைக்கு எண்ணெய்ப் பலகாரமா? ஏம்மா, அறிவு இருக்குதா உனக்கு? லேசா குடும்மா. ரொட்டி குடு. கோதுமக் கஞ்சி குடு. பலம்.”

அத்தைக்கு அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. அவள் ஊரிலிருந்து தம்பியைப் பார்க்க வந்தவள், ஒரு பை நிறைய வர்க்கியோடு. வாழைக்காய் வாயு என்பது யாருக்குத்தான் தெரியாது? வயிறு உப்பியிருக்கிறது. தட்டினால் சத்தம் வருகிறது. அப்படியென்றால் உள்ளே இருப்பது வாயு. வாயு வந்தது வாழைக்காயால். வாழைக்காய் கொடுத்தது பாய். இதில் எங்கேயாவது ஓட்டை தெரிகிறதா உங்களுக்கு? அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் தம்பி கடையிலேயே மயங்கி விழுந்தான். காலையில் அத்தை வைத்த கோதுமைக் கஞ்சி இரண்டு டம்ளர் உள்ளே போயிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. விழுந்தது வறுவல் தட்டுக்குப் பக்கத்தில். அதுதான் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

நான் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தேன். அத்தையும் பின்னாலேயே வந்தாள். எப்போதும் ‘வாங்க பாய், சொல்லுங்க பாய்’ என்கிற அப்பா அன்றைக்கு ஒருமையில் ஆரம்பித்தார்.

“இன்னா பாய், எம்புள்ளைக்கு இன்னாத்த போட்டுக் குடுத்த நீ?”

“நான் இன்னாப்பா குடுத்தேன்? தூளு இருந்துச்சி, அள்ளிக்கினான். கொழந்த கையத் தட்டிவுடச் சொல்றியா?”

“வூட்ல ஒரு வாயி கஞ்சி குடிக்க மாட்றான். இங்க வந்து மொறமொறன்னு துன்னுக்கினு கெடக்கறான். எண்ணெய் கெட்டுப்போனதா?”

பாய்க்கு அது தாங்கவில்லை. சட்டியைக் காட்டிக் கத்தினார். “இந்தச் சட்டியில வாழைக்கா தவிர வேற ஒண்ணு வுழுந்திருந்தா எங்கைய வெட்டிக்கோ! காயி, எண்ணெய், உப்பு, மஞ்சா. வேற இன்னா இருக்குது இதுல? சொல்லு, இன்னா இருக்குது?” ஒரு கை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு கை அள்ளி மண்டிக்காரரிடம் நீட்டினார். மண்டிக்காரர் வாங்கினார், ஆனால் தின்னவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

சட்டிக்கார அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். “நான் இருவது வருஷமா துன்றேன். எனக்கு வாய்வு இல்லியே” என்றார்.

“உனக்கு வாய்வு இல்ல, வாயிதான் இருக்குது. போயி சட்டியப் பாரு” என்றாள் அத்தை. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கட்சி எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

அப்போது அம்மா ஒன்று சொன்னாள். எனக்கு அந்தக் குரல்கூட ஞாபகம் இருக்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டே, கத்தியைக் கையில் வைத்தபடியே சொன்னாள். “இங்க துன்னா அவனுக்கு ஒண்ணும் ஆவலைங்க. வூட்லதான் ஆவுது.”

அத்தை திரும்பினாள். “ஏன் பேச மாட்ட? வேல போயிடும்னு பேசற. புள்ள போனா பரவால்லையா?”

ஒரு தாயைப் பார்த்து அப்படி ஒன்று சொல்லிவிட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? அந்தக் கடையில் ஒருத்திக்குத்தான் உண்மை பாதியாவது தெரிந்திருந்தது. அதையும் சம்பளத்துக்காகப் பேசுகிறாள் என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டார்கள்.

இந்தப் பேச்செல்லாம் நடந்த நேரம் முழுக்க அத்தை சும்மா இருக்கவில்லை. சாக்கின் மேல் உட்கார்ந்து தம்பி தலையை மடியில் வைத்துக்கொண்டாள். டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் பால் வரவழைத்து, தான் கொண்டுவந்த வர்க்கியை அதில் தோய்த்துத் தோய்த்து அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பாசமாகத்தான். கண்ணில் தண்ணீர் வழியத்தான். வறுவலுக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வர்க்கி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் மண்டிக்காரர்தான் முடித்துவைத்தார். “பாய், புள்ளய ஆஸ்பத்திரில சேக்கணும். கூலிக்காரன் எங்க போவான்? நீங்க எம்பது ரூவா குடுத்துடுங்க. அபராதம்னு வெச்சிக்கோங்க.”

“அபராதம்னா ஒரு பைசா தர மாட்டேன்” என்றார் பாய். “கடன்னு சொல்லுங்க, தரேன். புள்ளைக்காவத் தரேன். எங்கடைச் சரக்குல தப்பு இல்லன்னு தெரிஞ்சா அன்னிக்குத் திருப்பித் தரட்டும்.”

“கடன்னே வெச்சிக்கோ. தெரியட்டும், பாக்கலாம்” என்று அப்பா பணத்தை வாங்கி வேட்டியில் முடிந்துகொண்டார். போகும்போது தம்பி கையிலிருந்த பவுடர் டப்பாவைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார். அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பினார். அம்மா கத்தியைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

*

ஆஸ்பத்திரி என்றால் ஒரு டாக்டர் தன் வீட்டு முன்பக்கத்தில் நாலு கட்டில் போட்டு வைத்திருந்த இடம். பாட்டில் ஏற்றினார்கள். இரண்டு நாள் வாய்வழியாக எதுவும் கொடுக்கவில்லை. தம்பி கண் திறந்து பார்த்தான், என் விரலைப் பிடித்தான். உடனே எல்லாருக்கும் சந்தோஷம். சந்தோஷம் வந்தால் என்ன செய்வோம்? பால் ரொட்டி கொடுத்தோம். மறுபடி வயிறு போனது.

அவனோடு இருக்க ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அப்போது ஆறாவது. டீச்சர் வீடு தேடி வந்து கேட்டார்கள். “தேறட்டுங்க டீச்சர், அடுத்த வருஷம் அனுப்பறேன்” என்றார் அப்பா. அந்த அடுத்த வருஷம் எனக்கு வரவேயில்லை. டீச்சர் வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரொட்டி கொண்டுவந்தார்கள்.

அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு வேலை. பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று ஒரு நினைப்பு. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் யார் கொஞ்சம் அதிகம் தூங்கினாலும் பக்கத்தில் போய் நின்று மூச்சைப் பார்க்கிறேன். திட்டு வாங்குகிறேன்.

பாய் பணம் ஆஸ்பத்திரியில் கரைந்தது. டாக்டர் கையை விரிக்கவில்லை, ஆனால் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு வேலையும் போய்விட்டது. மலையில் சாமை அறுப்புக்கு ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னார்கள். போகிற உயிர் எங்கே போனால் என்ன என்றுதான் கிளம்பினோம். யாரும் வாயால் சொல்லவில்லை. அப்பா தம்பியைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். பாதி தூரம் மரம் ஏற்றப் போகிற லாரி, மீதி நடை. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சாமைக் கொல்லையில் குடிசை கொடுத்தார்கள்.

அங்கே கோதுமை ஏது? சாமைச் சோறு, மரவள்ளிக் கிழங்கு, அவரைக்கொட்டைக் குழம்பு. கொல்லை ஓரம் நின்ற மொந்தனிலிருந்து காயை வெட்டித் தோலோடு அவித்து, உப்பு தொட்டுத் தின்போம். முதல் நாள் தம்பி ரெண்டு வாய் தின்றான். அப்புறம் நாலு வாய். கொஞ்ச நாளில் வயிறு போவது நின்றது. வாய்ப்புண் ஆறியது. ஒரு நாள் காலையில் பார்த்தால், குடிசை வாசலில் ஆட்டுக்குட்டியின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அது கத்த, இவன் சிரிக்க. அம்மா அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைத் தூக்கி முகர்ந்தாள். நான் அழுதேன். அப்பாவும் அழுதார், திரும்பி நின்றுகொண்டு.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னார். “பாத்தியா? வறுவல நிறுத்துனதும் புள்ள பொழைச்சிக்கினான்.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “இங்கயும் வாழைக்காதானே துன்றான்?”

“இது அவிச்சது. அது எண்ணெய்.”

“இங்க பன்னுதான்பா இல்ல.”

“பன்னு துன்னா நோவு வருமாடி? உலகத்துல எவனுக்காச்சும் வந்திருக்குதா? போ, வெறகு பொறுக்கு.”

நான் சொன்னதன் அருமை எனக்கே தெரியாது. சும்மா எதிர்த்துப் பேசத்தான் சொன்னேன். ஆனால் அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு ஊதுகுழலை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.

*

அறுப்பு முடிந்து கீழே இறங்கியபோது ஊர் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தது. ‘பிள்ளைக்கு நோவு வந்த கடை.’ பாய் கடையில் கூட்டம் இல்லை. காய்த் தார்கள் சுவரோரம் பழுத்துக் கறுத்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். “அப்பாகிட்ட சொல்லாத” என்று வழியிலேயே சொல்லிவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாயை எடுத்து நீட்டினாள்.

“இன்னா தங்கச்சி இது?”

“கடன்தானே பாய். கொஞ்சம் கொஞ்சமாத் தரேன்.”

“உம்புருசனுக்குத் தெரியுமா?”

அம்மா ரூபாயை அவர் பக்கம் இன்னும் நீட்டினாள். “தப்பு உங்க மேல இல்ல பாய். எனக்குத் தெரியும். எப்படின்னுதான் சொல்லத் தெரியல” என்றாள்.

பாய் பணத்தை வாங்கிக்கொண்டார். வாங்காவிட்டால் அவள் இன்னும் சின்னதாகிப்போவாள் என்று அவருக்குப் புரிந்திருக்கும். தம்பி அதற்குள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான். வறுவல் தட்டைப் பார்த்துக் கையை நீட்டினான்.

பாய் பின்னால் நகர்ந்தார். கடை முதலாளி ஒரு குழந்தையைப் பார்த்துப் பயந்து பின்னால் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். “வேணாம்டா கண்ணு. அது மட்டும் கேக்காத. திரும்ப எதுனா ஆச்சின்னா என்னால தாங்க முடியாது.” தம்பி அழுதான். அழுகிற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. டீக்கடைப் பக்கம் தலையை நீட்டி, “ஒரு நல்ல பன்னா பாத்துக் குடுப்பா, என் கணக்குல” என்றார்.

அந்தப் பன்னை வாங்கித் தம்பி கையில் வைத்து மூடினார். ஆசையாகத் தலையைத் தடவினார். அம்மா அந்தப் பன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் அதைப் பிடுங்கி எறியவில்லை அவள்? மலையில் நான் சொன்னது அவள் மனசில் இருந்ததா? இருந்தால் ஏன் வாயைத் திறக்கவில்லை? கேட்கிற வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்தபோது அவள் இல்லை.

அம்மா மொத்தம் மூன்று தடவை கொடுத்தாள், ஒவ்வொரு தடவையும் ஐந்து ரூபாய். நாலாவது தடவை போனபோது கடை பூட்டியிருந்தது. பாய் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று மண்டிக்காரர் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு, “யாருக்குத் தெரியும்” என்றார்.

*

தம்பி சாகவில்லை. ஆனால் வளரவும் இல்லை. நன்றாக இருப்பான், எவனாவது கல்யாணத்தில் பூரி போடுவான், பத்து நாள் படுப்பான். படுத்தால் பன். போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று உயரம் அளக்கப் போனான். உயரம் போதவில்லை. லேசாகத் தடுக்கி விழுந்தாலும் எலும்பு முறியும். கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போனால் ‘மாப்பிள்ளைக்குத் தீராத வியாதியா’ என்று கேட்டு அனுப்பினார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் சேலத்தில் ஒரு சின்ன வயது டாக்டர், ரத்தம் எடுத்து, வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, ரிசல்ட் வந்ததும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கோதுமை ஆகாது. பிறவியிலிருந்தே உடம்பு வாகு அப்படி. மருந்து வேண்டாம், கோதுமையைத் தொடாமல் இருந்தால் போதும். நான் கேட்டேன், வாழைக்காய் வறுவல்? “தாராளமா சாப்பிடலாம்மா. எண்ணெய் மட்டும் சுத்தமா இருக்கணும். வேற எதுவும் பொரிக்காத எண்ணெய்” என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். தம்பிதான், “யக்கா, அழுவாத, டாக்டரு பயந்துக்கப் போறாரு” என்றான். சிரிக்கிறான் அவன். அவனுக்கு எப்படித்தான் சிரிப்பு வருகிறதோ!

யாரைத் திட்டுவது? அத்தை பாசத்தில் ஊட்டினாள். கம்பவுண்டர் தெரிந்ததைச் சொன்னார். பார்க்க வந்தவர்கள் தங்கள் பிள்ளைக்கு வாங்கித்தர முடியாத ரொட்டியை எங்கள் பிள்ளைக்கு வாங்கிவந்தார்கள். ஒருத்தரும் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. கெட்டவர் ஒருத்தராவது இருந்திருந்தால் இத்தனை வருஷம் அவரைத் திட்டியே மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

டாக்டர் சொன்னதிலிருந்து பாயைத் தேடுகிறேன். பள்ளிவாசல் தெருவில் கேட்டேன். கடைத்தெருவில் பழைய ஆட்கள் இல்லை. வறுவல் கடை என்றால் எந்த வறுவல் கடை என்கிறார்கள். ஒருவர் திருப்பூர் பக்கம் என்றார், ஒருவர் அவர் மகன்கள் வெளிநாடு என்றார். எனக்கு அவர் பெயர்கூடத் தெரியவில்லை. பாய் என்றே கூப்பிட்டுப் பழகியதில் பெயரை யாரும் கேட்டுவைக்கவில்லை. உங்களில் யாருக்காவது அந்தக் கடை ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். அவருடைய பிள்ளைகளில் ஒருவராவது எங்கேயாவது இருப்பார்கள்.

சரக்கில் தப்பில்லை என்று தெரிந்தால் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் பேச்சு. அப்பா அதற்கு ஒத்துக்கொண்டார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. அம்மா கொடுத்தது போக, நாங்கள் தர வேண்டிய பாக்கி அறுபத்தைந்து ரூபாய்.